கோபமும் துக்கமும் பாவமா?



நம்மில் ஒருவருக்குத் துன்பம் வந்துவிட்டால் நாம் சொல்லும் ஆறுதல் வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: "ஸபுர் செய்யுங்கள்." மையத்து வீட்டிலும் இதையே சொல்லுகிறோம், கூட்டாளி ஏமாற்றிவிட்டுப் போன கடையிலும் இதையே சொல்லுகிறோம். சொன்னவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். கேட்டவரோ அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விளங்காமல் தவிக்கிறார். அழாமல் இருப்பதுதான் ஸபுரா? கோபமே வராமல் இருப்பதுதான் ஸபுரா? அழுகையும் கோபமும் வந்துவிட்டால் ஈமானில் குறை என்று அர்த்தமா?

இந்தக் கேள்வி மதரஸாவில் உட்கார்ந்து வாதிப்பதற்கு மட்டும் உரியதன்று. வியாபாரிக்கு இது தினசரிக் கேள்வி. கடை வாடகை ஏறுகிறது. சரக்குத் துறைமுகத்தில் நிற்கிறது. கடனுக்கு வாங்கிப் போனவர் விலாசம் மாறிப் போய்விடுகிறார். பக்கத்துக் கடையில் கூட்டம் நெரிகிறது. தாயாருக்கு உடல் நலமில்லை என்று ஊரிலிருந்து செய்தி வருகிறது. இத்தனைக்கும் நடுவே கல்லாவில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவன் இரவு வீட்டுக்குப் போனதும் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை அவன் வீட்டார் நன்றாக அறிவார்கள்.

ஆகவே, முதலில் கேள்விக்கு விடை தேடுவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் கடைசிக் காலத்தில் பிறந்த ஆண் குழந்தை இப்ராஹீம். இரண்டு வயது நிரம்புமுன்பே அக்குழந்தை மௌத்தாயிற்று. உயிர் பிரியும் நேரத்தில் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்த நாயகத்தின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அருகில் நின்ற அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தாங்களுமா அழுகிறீர்கள் என்று வியப்போடு கேட்டார்கள். இது இரக்கம் என்றார்கள் நாயகம். கண் நீர் சிந்துகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் இறைவனுக்குப் பொருத்தமில்லாத சொல்லை நாம் சொல்லமாட்டோம் என்ற கருத்தில் பேசினார்கள்.

அன்றே சூரிய கிரகணமும் பிடித்தது. வானநூற் கணக்குப் பார்த்தவர்கள் அந்த நாளை கி.பி. 632 ஜனவரி 27 என்று கூறுகிறார்கள். நாயகத்தின் பிள்ளை மௌத்தானதற்காகவே சூரியன் இருண்டது என்று ஜனங்கள் பேசத் தொடங்கினார்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு தகப்பனுக்கு இதைவிட இனிப்பான ஆறுதல் வேறு என்ன வேண்டும்? ஆனால் நாயகம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று எல்லோரையும் வைத்துக்கொண்டு எடுத்துச் சொன்னார்கள்.

சகோதரர்களே, மனவுறுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கண்ணில் ஈரம் இருந்தது. சொல்லில் பிசகு இல்லை. நெஞ்சு கனத்திருந்தது, உண்மையை நிறுக்கும் தராசு சாயவில்லை. வியாபாரி பாஷையில் சொன்னால், கண் கலங்கலாம், கணக்குக் கலங்கலாகாது. யஃகூப் நபி (அலை) அவர்களும் மகனைப் பிரிந்த துயரத்தில் கண் பார்வையையே இழந்தார்கள். அப்படியிருந்தும் அவர்களுடைய பொறுமையை அழகிய பொறுமை என்றே குர்ஆனில் காண்கிறோம். ஏனெனில் தம் துயரத்தை அவர்கள் மறைக்கவில்லை; முறையிட வேண்டிய இடத்தில் முறையிட்டார்கள். ஆக, உணர்ச்சி வருவது பாவமன்று. அது கேட்காமல் வருகிற விருந்தாளி. வந்தபின் நாம் என்ன செய்கிறோம் என்பதற்குத்தான் கணக்குண்டு.

துக்கம் வந்தால் என்ன செய்வது என்பதற்கு நம் காலத்திலேயே, நம் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். நான் சாங்கியில் கடை வைத்திருப்பவன். சாங்கி என்றால் இன்று எல்லோருக்கும் நினைவு வருவது 1981-ல் திறக்கப்பட்ட விமான நிலையம். அந்த நிலையம் 2020-ல் எப்படி இருந்தது என்பதை நாம் மறக்க முடியாது. கொரோனா பரவியதால், மார்ச் மாதக் கடைசியில் இந்தியாவுக்குப் போகும் வழக்கமான விமானங்கள் நின்றுவிட்டன. அந்த ஏப்ரலில் பிரயாணிகளின் எண்ணிக்கை முந்திய ஆண்டு ஏப்ரலைக் காட்டிலும் 99.5 சதவிகிதம் குறைந்தது. மே மாதம் இரண்டாம் முனையத்தையே மூடி வைத்தார்கள். பள்ளிவாசல்களும் மார்ச் மாத நடுவிலிருந்து மூடியிருந்தன. அந்த ரமலானில் ஜமாஅத்தாகத் தராவீஹ் இல்லை.

அந்த மாதங்களில் ஊரில் தாயை இழந்தவர்களும், தகப்பனை இழந்தவர்களும் நம் சமூகத்தில் உண்டு. நான்கு மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊர் எட்டாத தூரமாகிவிட்டது. பெற்றவரின் ஜனாஸா குழிக்குள் இறங்குவதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் அன்று மாலையே கடையைத் திறந்து ஒன்றும் நடவாததுபோல் உட்கார்ந்தார்கள். அவர்களைத் தைரியசாலிகள் என்று நாம் புகழ்ந்தோம். சிலர் தம் அறையில் கிப்லாவை நோக்கி நின்று காயிப் ஜனாஸாத் தொழுதார்கள். தூர தேசத்தில் மௌத்தான நஜ்ஜாஷி மன்னருக்காக நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் இருந்தபடியே தொழுதார்களல்லவா? அதைக் கொண்டு ஷாபிஈ மத்ஹபில் இத்தொழுகைக்கு இடமிருக்கிறது. ஹனஃபி மத்ஹபினர் யாஸீன் ஓதித் துஆச் செய்தார்கள். பிறகு அண்ணன் தம்பிகளுடன் போனில் பேசி, உம்மாவைப் பற்றிய பழைய கதைகளைச் சொல்லி அழுதார்கள். இவ்விரு வகையினரில் யார் ஸபுர் செய்தவர்கள்? துக்கத்துக்கு ஓர் உருவமும் ஒரு நேரமும் கொடுத்துத் தொழுகையாகவும் பேச்சாகவும் ஆக்கியவர்களே ஸபுர் செய்தார்கள் என்பது என் கருத்து. ஒன்றும் நடவாததுபோல் உட்கார்ந்தவர் துக்கத்தைத் தள்ளிப் போட்டார். தள்ளிப் போட்ட கடன் ஒருநாள் வாசலில் வந்து நிற்கும்.

இதே சாங்கியில் இன்னொரு சாட்சியும் உண்டு. 1936-ல் கட்டி முடித்த சாங்கிச் சிறைச்சாலை சுமார் 600 கைதிகளுக்காகக் கட்டப்பட்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த பிறகு, ஏறத்தாழ 3,000 சாதாரணக் குடிமக்களை அதற்குள் அடைத்தார்கள். பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் நானூறு பேர் அளவில் இருந்தார்கள். புருஷன் சிறையின் ஒரு புறம், மனைவி மறு புறம். பட்டாளத்துக் கணவர்களோ வேறு முகாம்களில். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது.

அங்கே இருந்த ஈத்தல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு சதுரத் துணி. அதில் தன் பெயரையும், தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றையும் ஊசி நூலால் தைக்க வேண்டும். சிலர் பூவைத் தைத்தார்கள். சிலர் தாங்கள் இருந்த சிறையறையையே தைத்தார்கள். சிலர் தம் நிலையைக் கேலி செய்தே தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் சேர்த்து மூன்று போர்வைகள் ஆயின. ஒன்று காயம்பட்ட பிரிட்டிஷாருக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு, ஒன்று ஜப்பானியச் சிப்பாய்களுக்கே. மூன்றாவது இருந்ததனால் மற்ற இரண்டும் மருத்துவ முகாமுக்குப் போக வழி கிடைத்தது. அங்கே கிடந்த கணவன்மார் பெயர்களைப் படித்துத் தங்கள் மனைவிமார் உயிரோடு இருப்பதை அறிந்தார்கள். அவற்றில் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

அந்தப் பெண்கள் நம் மார்க்கத்தினர் அல்லர். ஆனாலும் பாடம் நமக்கும் உரியது. பயம் இல்லை என்று அவர்கள் நடிக்கவில்லை; பயந்துகொண்டே மூலையில் கிடக்கவுமில்லை. பயத்தைக் கையில் எடுத்து, அதைக் கொண்டே இன்னொருவருக்குப் பயன்படுகிற ஒரு பொருளைச் செய்தார்கள். பழைய சிறையின் சுவரில் ஒரு பகுதியும் வாயிற்கதவும் 2016 முதல் தேசிய நினைவுச் சின்னமாக இருக்கின்றன. விமான நிலையத்துக்கு உறவினரை வழியனுப்ப வருகிறவர்கள் ஒருநாள் அப்பக்கம் போய் அந்தச் சுவரைப் பார்க்கலாம்.

துக்கத்தையும் பயத்தையும் விடக் கடினமானது கோபம். கோபத்தை விழுங்குகிறவர்களைக் குர்ஆன் ஆல இம்ரான் அத்தியாயத்தில் சிறப்பித்துச் சொல்லுகிறது. அங்கே வரும் 'கழ்ம்' என்ற அரபுச் சொல்லின் வேர்ப் பொருளை ஓதிக் கொடுத்த ஹஜ்ரத்மார்கள் விளக்குவார்கள்: தண்ணீர் நிரம்பிய தோல் துருத்தியின் வாயைக் கட்டுவது. கவனியுங்கள். துருத்தி காலி என்று சொல்லவில்லை. நிரம்பித்தான் இருக்கிறது. வாயைக் கட்டியதால் தண்ணீர் வீணே கொட்டவில்லை, அவ்வளவுதான். கோபமே வராதவனை இங்கே புகழவில்லை. நிரம்ப வந்தும் சிந்தாதவனைப் புகழ்கிறது.

ஆனால் அந்த ஆயத்து அதோடு நிற்கவில்லை. அடுத்து மன்னிப்பவர்களையும், அதற்கடுத்து நன்மை செய்பவர்களையும் சொல்லுகிறது. இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்களைப் பற்றி நூல்களில் ஒரு நிகழ்ச்சி வரும். ஒளுச் செய்யத் தண்ணீர் ஊற்றிய அடிமைப் பெண் கை தவறிக் கெண்டியை அவர்கள் முகத்தில் விழச் செய்துவிட்டாள். அவர்கள் நிமிர்ந்து பார்க்க, அவள் அந்த ஆயத்தின் முதற் பகுதியை ஓதினாள். கோபத்தை அடக்கினேன் என்றார்கள். இரண்டாம் பகுதியை ஓதினாள், மன்னித்தேன் என்றார்கள். மூன்றாம் பகுதியை ஓதினாள். நீ சுதந்திரமானவள், போகலாம் என்றார்கள். கட்டி வைத்த தண்ணீரைக் கட்டியபடியே வைத்திருந்தால் துருத்தியோடு சேர்த்துக் கெட்டுப்போகும். அதை ஒரு நல்ல காரியத்துக்கு ஊற்றிவிட வேண்டும். விழுங்குவது முதற்படி, அதையே முடிவு என்று எண்ணுவதால்தான் நம்மில் பலர் உள்ளே வெந்துகொண்டிருக்கிறோம்.

துருத்தியின் வாய் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சிங்கப்பூரில் சாட்சி உண்டு. ஒரு மலாய் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த மரியா ஹெர்தோக் என்ற டச்சுப் பெண்பிள்ளையின் வழக்கில், அவள் பெற்றோரிடமே போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இடையில் அவளைக் கிறிஸ்தவக் கன்னிமாடத்தில் வைத்ததும், அங்கே எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்ததும் முஸ்லிம்களின் உள்ளத்தைப் புண்படுத்தின. 1950 டிசம்பர் 11-ல் நீதிமன்றத்தின் வெளியே மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள். 173 பேர் காயமடைந்தார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லையா என்று கேட்பவர் உண்டு. மனம் புண்பட்டது உண்மைதான். ஆனால் செத்தவர்கள் யார்? தீர்ப்பெழுதியவர் அல்லர். தெருவில் போன ஐரோப்பியரும், யூரேஷியரும், காவலர்களும், கூட்டத்தில் வந்தவர்களுமே. கோபம் கேட்டது எதுவோ அதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பெண் ஹாலந்துக்குக் கொண்டுபோகப்பட்டாள். நியாயமான கோபந்தான் அதிக ஆபத்தானது. நியாயமில்லாத கோபத்துக்குக் கொஞ்ச நேரத்தில் வெட்கம் வரும். நியாயமான கோபமோ, தான் செய்வதெல்லாம் நியாயம் என்று எண்ணிக்கொள்ளும்.

"இதெல்லாம் பிறவிக் குணம், சிலருக்கு இரத்தம் சூடு, மாற்ற முடியாது" என்று சொல்லுவோர் இருக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். குணம் மாறாது என்றால் உபதேசத்துக்கும் பயிற்சிக்கும் அர்த்தமே இல்லையே என்பது அவர்கள் வாதம். கோபத்தை வேட்டைக்காரனின் நாய்க்கு ஒப்பிடுகிறார்கள். நாயைக் கொல்லச் சொல்லவில்லை, பழக்கச் சொல்லுகிறார்கள். பழகாத நாய் எசமானையே கடிக்கும். பழகிய நாய் வீட்டைக் காக்கும். மானத்துக்கும் நீதிக்கும் குரல் கொடுக்க, பழக்கப்பட்ட கோபம் வேண்டியிருக்கிறது.

எப்படிப் பழக்குவது? ஒரு பெண் கப்ரின் அருகே அழுதுகொண்டிருந்தாள். ஸபுர் செய் என்று சொன்ன நாயகத்தை யாரென்று அறியாமல், என் துன்பம் உமக்கு வரவில்லை, விலகிப் போம் என்றாள். நாயகம் பதில் பேசாமல் போய்விட்டார்கள். பிறகு அறிந்து அவள் ஓடி வந்தபோது, பொறுமை என்பது முதல் அடி விழும் நேரத்தில் இருப்பதே என்று போதித்தார்கள். முதல் அடி விழும் அந்த நேரத்தைக் கடப்பதற்கும் வழி காட்டியிருக்கிறார்கள்: நிற்கிறவன் உட்காரட்டும், அதிலும் தீராவிட்டால் படுக்கட்டும், ஒளுச் செய்யட்டும். கோபத்தில் இருக்கும்போது காஜி தீர்ப்புச் சொல்லலாகாது என்றும் தடுத்திருக்கிறார்கள். கடையில் முதலாளிதானே காஜி? ஆகவே கோபம் தணியும்வரை சிப்பந்தியை வேலையிலிருந்து நீக்காதீர்கள். கூட்டாளியோடு கணக்கை முடிக்காதீர்கள். எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்பாதீர்கள். வாயிலிருந்து போன சொல்லாவது காற்றில் கரையும். குரல்பதிவு பத்து வீட்டில் ஒலிக்கும்.

அந்த நேரம் கடந்தபின், மனத்தில் உள்ளதைப் பேரேட்டில் எழுதுவதுபோல் எழுதிப் பாருங்கள். யார் மீது கோபம், எதற்காக, அவர் செய்தது எவ்வளவு, நான் கூட்டிக்கொண்டது எவ்வளவு? பெயரிட்டு எழுதிய கடனைத் தீர்க்க வழி உண்டு. பெயரில்லாத கடன், கொடுக்க வேண்டாதவரிடமெல்லாம் வசூல் கேட்கும். வாடிக்கைக்காரரிடம் வாங்கிய வசையைக் கடைப்பையனிடம் செலுத்துகிறோம். வாடகைக் கவலையை வீட்டுப் பெண்களிடம் செலுத்துகிறோம். அவர்கள் பிள்ளைகளிடம் செலுத்துகிறார்கள். ஒரு பாவமும் அறியாத ஆறு வயதுக் குழந்தை நம் கடைக் கடனைக் கட்டுகிறது. வெளியில் சாந்தமானவர் என்று பெயர் வாங்கி, வீட்டில் இப்படி நடப்பவரை ஸாபிர் என்று எப்படிச் சொல்லுவது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அபூ ஸைத் அல்பல்கீ என்று ஓர் அறிஞர் இருந்தார், கி.பி. 934-ல் காலமானார். உடல் நலம், மன நலம் இரண்டையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியவர். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் என்னும் ஓயாத வீண் எண்ணம் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்ந்தார். திடீர் நோய்க்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல், திடீர்த் துன்பத்துக்கு நல்ல எண்ணங்களை முன்கூட்டியே மனத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. வியாபாரிக்கு இது எளிதில் விளங்கும். கிராக்கி வந்தபின் சரக்குத் தேடுகிறவன் வியாபாரியல்லன். ஐவேளைத் தொழுகையும், நேரத்துக்குத் தூக்கமும், மனம்விட்டுப் பேச ஒரு நண்பரும் நல்ல நாளிலேயே சேர்த்து வைக்க வேண்டிய சரக்குகள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணமே தெரியாமல் வந்து அழுத்துகிற துக்கம் வேறொன்று, அதற்கு உடலையும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். அன்றே சொன்ன இதை நாம் இன்றும் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று ஒருவர் சொன்னால், "ஈமான் போதாது, ஓதுங்கள்" என்று அனுப்பிவிடுகிறோம். நீரிழிவுக்காரரிடம் இப்படிச் சொல்லுவோமா? ஓதவும் வேண்டும், வைத்தியரிடம் போகவும் வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமே வந்துவிட்டவர்களுக்கு இரவும் பகலும் காது கொடுத்துக் கேட்க, சிங்கப்பூர்ச் சமாரித்தான் சங்கத்தின் 1767 என்ற எண் இருக்கிறது. தற்கொலை முயற்சி இங்கே 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டப்படி குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே, உதவி கேட்கப் போலீசுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நம் நாவுக்கு அஞ்சும்படியும் நாம் வைத்துவிடலாகாது.

ஆகையால் சகோதரர்களே, இனி எவரிடமாவது "ஸபுர் செய்யுங்கள்" என்று சொல்ல நேர்ந்தால், சொல்லிவிட்டு எழுந்து போகாமல் கால் மணி நேரம் கூட உட்காருங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள். கோபத்தில் இருந்தால், அன்று எதையும் முடிவு செய்ய விடாமல் ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள். அவர் துருத்தியின் வாயைக் கட்ட ஒரு கை போதாதபோது உங்கள் கையும் சேரட்டும்.

வல்ல ரஹ்மான் நம் துக்கத்தைத் துஆவாகவும், நம் கோபத்தை நீதியாகவும் ஆக்கி, நம் வீடுகளிலும் கடைகளிலும் சாந்தியை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.